அண்டார்க்டிகாவில் ‘பாரதி’ பாசி: மண்ணுக்கு உரியதா, வந்து சேர்ந்ததா?

கிழக்கு அண்டார்க்டிகாவின் லார்செமன் குன்றுகளில், இந்தியாவின் பாரதி ஆய்வு நிலையத்துக்கு அருகே, கரும்பச்சை நிறப் பாசி ஒன்றை பஞ்சாப் மத்திய பல்கலைக்கழகத் துருவ உயிரியலாளர் ஃபெலிக்ஸ் பாஸ்ட் 2017-ஆம் ஆண்டு சேகரித்தார். மரபணு ஒப்பீட்டுக்குப் பின், அது அதுவரை அறியப்படாத இனம் என 2021-இல் அறிவிக்கப்பட்டு, ‘பிரையம் பாரதியென்சிஸ்’ எனப் பெயரிடப்பட்டது.

இத்தகைய கண்டுபிடிப்புகள் ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி எழுகிறது. அத்தாவரம் அந்த மண்ணுக்கு உரியதா, அல்லது ஆய்வாளர்களின் காலணியிலோ சரக்குப் பெட்டியிலோ ஒட்டி வந்ததா? பாசியின் நுண்வித்துகள் காற்றிலும் நெடுந்தொலைவு பயணிப்பதால், கண்ணால் பார்த்து மட்டும் இதைத் தீர்மானிக்க இயலாது.

விடையைப் பொறுத்தே சட்டக் கடமையும் மாறுகிறது. 1991-ஆம் ஆண்டின் மாட்ரிட் நெறிமுறை பூர்வ இனங்களைப் பாதுகாக்கவும், அனுமதியின்றி நுழைந்தவற்றை அகற்றவும் வலியுறுத்துகிறது. இந்தியாவும் 2022-இல் அண்டார்க்டிக் சட்டத்தை இயற்றியுள்ளது.

அக்கண்டத்தில் பனியற்ற நிலம் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. வெப்பம் உயர்ந்து அப்பரப்பு விரிந்தால், புதிய தாவரங்கள் தென்படுவதும் அதிகரிக்கக்கூடும். அப்போது எது பழையது, எது புதிது என்று பிரித்தறிய, முன்கூட்டியே மரபணு வரிசை பதிவான மாதிரிகள் தேவைப்படும். பாரதி பாசி அத்தகைய ஒரு பதிவு.