கணினி கேட்க வேண்டிய தமிழ்க் குரல்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

குரல் பதிவைக் கொண்டே குரல்வளைக் கோளாறைக் கணினி கண்டறியும் என்ற தங்கள் கட்டுரையின் நோக்கம் வரவேற்கத்தக்கது. ஆனால் சோதனையில் கிடைத்த துல்லியம் நம் ஊர் ஆஸ்பத்திரியிலும் கிடைக்கும் என்று நம்பிவிடக் கூடாது. குரல்நாண்கள் சரியாக மூடாவிட்டால், 'ஆ' என்று நீட்டும்போது அதிர்வு சீராக இராது, காற்றொலி கலக்கும்; மென்பொருள் அளப்பது இதைத்தான். இதைக் கணினி கற்பது குரல் தொகுப்புகளிலிருந்து; அவற்றுள் 1994-இல் வெளியான மாசசூசெட்ஸ் மருத்துவமனைத் தொகுப்பிலோ நலமானவர் குரலும் நோயாளர் குரலும் வெவ்வேறு இடங்களில் பதிவானவை. கணினி கற்றது நோயையா, அறையையா என்ற ஐயம் அதனால் எழுந்தது. ஜெர்மனியின் சார்ப்ரூக்கன் தொகுப்பில் 2,000 பேருக்கு மேல் உண்டு, பேச்சு ஜெர்மன். உயிரொலிக்கு மொழி ஏது என்பார்கள். உண்மைதான், ஆனால் நாளெல்லாம் கத்திப் பாடம் நடத்தும் நம் ஊர் ஆசிரியரும், உச்சஸ்தாயியில் பாடும் ஓதுவாரும், கூவி விற்பவரும் அந்தத் தொகுப்பில் இல்லை. மருத்துவரின் வேலை பறிபோகும் என்ற அச்சமும் வேண்டாம். கட்டியா, புற்றா என்பதைக் குரல்வளையை உள்ளே பார்த்தும், தேவையானால் திசுவை எடுத்துச் சோதித்தும்தான் உறுதி செய்ய முடியும்.

அண்ணாமலை நகரில் பல்கலைக்கழக இசைத்துறையும் கடலூர் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. ஒரே அறையில், ஒரே மைக்கில், உரியவர் ஒப்புதலோடு நலமானவர், நோயாளர் என இரு தரப்புக் குரல்களையும் பதிய இவை முன்வர வேண்டும். அதுவரை, நான்கு வாரத்துக்கு மேல் குரல் கம்மினால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்கத் தயங்காதீர்கள்.

வாசகர்,
அண்ணாமலை நகர்