தூக்குறது சரி, ஆர்மை மாத்தினீங்களா?

புனேயில் நம்ம ஜனங்க வீட்டு பார்க்கிங்கில் இப்போ தார் வண்டிக்குத்தான் மவுசு. 2020 அக்டோபரில் புது தார் வந்தாலும் வந்தது, வாங்கின ஆறே மாசத்தில் ரெண்டு இன்ச் தூக்கிடறாங்க. மழைக்காலத்தில் சஹ்யாத்ரி சேத்தில் இறக்க உயரம் வேணும்தான், குறை சொல்லலை. நானும் அந்தக் கூட்டம்தான்.

ஆனா அதே வண்டியில்தானே பொங்கலுக்கு குடும்பத்தை ஏத்திக்கிட்டு கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூர்னு ஊருக்குப் போறோம்? சேத்துல பத்து கிலோமீட்டர் வேகம். ஹைவேயில நூறு. அங்கேதான் இந்த மேட்டர் வருது.

ஸ்ப்ரிங், ஸ்பேசர், பெரிய டயர்னு கண்ணுக்குத் தெரியறதுக்கெல்லாம் யோசிக்காம செலவு பண்றோம். முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற மேல் கன்ட்ரோல் ஆர்முன்னு வந்தா மட்டும், "ஜரூரத் நஹி ஹை சாப்"னு மெக்கானிக் சொன்னது வேதவாக்காயிடுது. எனக்கு இது சுத்தமா உடன்பாடில்லை. ஆர்முக்கு பட்ஜெட் இல்லைன்னா லிஃப்டும் வேண்டாம்.

ஏன்னு சொல்றேன். தாரோட முன்பக்கம் டபுள் விஷ்போன். மேலே ஒரு ஆர்ம், கீழே ஒரு ஆர்ம், நடுவில் சக்கரம் மாட்டின நக்கிள், ரெண்டு முனையிலும் பால் ஜாயின்ட். ஸ்பேசர் போட்டதும் பாடி மேலே போகுது, சக்கரம் தரையிலேயே இருக்கு, ஆக ஆர்ம் ரெண்டும் கீழ்நோக்கி சாயுது. கம்பெனிக்காரன் கீழே தொங்கறதுக்குன்னு வெச்ச இடத்தில் ஒரு பகுதியை சும்மா நிக்கும்போதே தின்னாச்சு. அப்புறம் ஒரு பள்ளத்தில் சக்கரம் முழுசா தொங்கும்போது மேல் பால் ஜாயின்ட் தன் எல்லையில் போய் முட்டும். நாள்பட இது தேய்மானம். மோசமான நாளில், கழண்டு வரலாம்.

அடுத்தது காஸ்டர். சைக்கிளோட முன் ஃபோர்க் பின்னாடி சாஞ்சிருக்கே, அதே சாய்வுதான். அதனாலதான் வளைவு முடிஞ்சதும் ஸ்டியரிங் தானா நேராகுது. தூக்கினா இந்தச் சாய்வு குறையுது, ஹைவேயில வண்டி இப்படியும் அப்படியும் அலையுது. ராத்திரி லாரியை ஓவர்டேக் பண்ணும்போது தெரியும் சேதி. மாற்று ஆர்ம் செய்றவங்க இதைச் சரிக்கட்டும் கோணத்தோடயும், அதிகம் சாயக்கூடிய பால் ஜாயின்டோடயும் செய்றாங்க. (ஜிம்னி வெச்சிருக்கறவங்களுக்கு: உங்களுது ரிஜிட் ஆக்ஸில், மேல் ஆர்மே கிடையாது. ஆனா தூக்கினா காஸ்டர் அங்கேயும் குறையும். அதுக்கு லீடிங் ஆர்ம், இல்லேன்னா காஸ்டர் புஷ்.)

வேலை பெரிய கம்பசூத்திரம் இல்லை. சேஸிஸுக்கு ஸ்டாண்டு, கீழ் ஆர்முக்கு ஜாக், ஏபிஎஸ் ஒயரை விலக்கி வெச்சு, நக்கிள் பக்கம் தட்டி பால் ஜாயின்டை விடுவிச்சு, போல்ட்டைக் கழட்டி மாட்டணும். பழைய லாக் நட்டையே திரும்பப் போட விடாதீங்க.

பக்கத்துலயே நின்னு பார்க்க வேண்டிய இடம் ஒண்ணு இருக்கு. ரப்பர் புஷ் உள்ள ஆர்மா இருந்தா, அந்த போல்ட்டை சக்கரம் தொங்கிட்டிருக்கும்போது முழுசா முடுக்கக் கூடாது. வண்டியை இறக்கி, தன் எடையில் நிக்க வெச்சு, அப்புறம்தான் டார்க் ரெஞ்ச். இல்லேன்னா புஷ் எப்பவும் முறுக்கிக்கிட்டே கிடந்து சீக்கிரமே கிழிஞ்சிடும். "சத்தம் வருது"ன்னு கொண்டுபோனா "ரோடு அப்படி சார்"ம்பாங்க (சிரிப்பான் போட்டுக்கவும்).

சட்டம் பத்தியும் ஒரு வார்த்தை. தயாரிப்பாளர் கொடுத்த மூல வடிவத்தை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவும் அதேதான். அதே 2019-இல் வந்த திருத்தத்தில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், இல்லேன்னா ஆறு மாசம் வரை சிறை, இல்லேன்னா ரெண்டும்னு வெச்சிருக்காங்க. இன்சூரன்ஸ்காரனுக்கும் இது நல்ல சாக்கு. தூக்கறதுக்கு முன்னாடி வீட்டில் இதையும் பேசிடுங்க, ஏன்னா அந்த வண்டியில் உட்காரப்போறது அவங்களும்தான்.

ஏற்கனவே தூக்கியாச்சா? அலைன்மென்ட் கடையில் காஸ்டர், கேம்பர், டோ மூணும் அச்சிட்ட தாள் கேட்டு வாங்குங்க. டோ மட்டும் பார்த்துட்டு "ஹோ கயா"ன்னா கிளம்பாதீங்க. ஆர்ம் மாத்துற வேலையை ஊருக்குப் போற முதல்நாள் வெச்சுக்காம, ரெண்டு வாரம் முன்னாடியே முடிச்சு, நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு போல்ட்டெல்லாம் இன்னொரு தடவை செக் பண்ணிடுங்க.