ஆஸ்பத்திரி ரகசியம் அம்பலமானால்?

திருமங்கலத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், போடவில்லை. சென்ற வருஷம் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் அவருக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். கணவருக்கும் தாயாருக்கும் மட்டுமே விஷயம் தெரியும். மாமியாரிடம் குடல்வால் ஆபரேஷன் என்று சொல்லிச் சமாளித்திருக்கிறார்கள். போன மாதம் வீட்டுக்கு ஒரு போன் வந்தது. "இன்ஷூரன்ஸில் உங்களுக்கு இன்னும் பாக்கித் தொகை வர வேண்டியிருக்கிறது, அம்மா" என்று ஆரம்பித்தவன், ஆபரேஷன் நடந்த தேதி, அதன் பெயர், பில் தொகை எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு, செல்போனுக்கு வரும் எண்ணைச் சொல்லச் சொன்னானாம். போனை எடுத்தவர் மாமியார்!

எண்ணைச் சொல்லவில்லை, பணம் போகவில்லை. ஆனால் வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. "இதற்கு யாரைக் கேட்பது? கேட்டால் பரிகாரம் உண்டா? கேட்கப் போய் ஊருக்கே தெரிந்துவிடாதா?" என்கிறார் சகோதரி.

இது அவர் ஒருவருக்கு நேர்ந்த விபத்து அல்ல. 2024-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் சென்னையில் தலைமையகம் உள்ள ஸ்டார் ஹெல்த் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வாடிக்கையாளர் விவரங்கள் டெலிகிராமில் கிடைக்கின்றன என்ற செய்தி வெளிவந்தது. மூன்று கோடிப் பேருக்கு மேற்பட்டவர்களின் விவரம் தன்னிடம் இருப்பதாகத் திருடியவன் பீற்றிக்கொண்டான். அடையாள அட்டை நகல், பரிசோதனை முடிவு, வியாதியின் பெயர் என்று எல்லாம் அதில் இருந்தன. ஒரு வயதுக் குழந்தையின் வைத்தியக் குறிப்பும் ரத்தப் பரிசோதனையும்கூட இருந்தன. கம்பெனி உடனே சென்னை ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. டெலிகிராம்மீதும் திருடன்மீதும் வழக்குப் போட்டு, அந்த விவரங்களைத் தடுக்கும்படி இடைக்கால உத்தரவும் வாங்கியது. நல்ல காரியம்தான். ஆனால் கவனியுங்கள்: அந்த வழக்கில் வாதி கம்பெனி. வியாதியின் பெயர் தெருவுக்கு வந்த குடும்பங்கள் அல்ல. அவர்களுக்கு வேண்டியதை அவர்களேதான் கேட்டாக வேண்டும்.

எங்கே கேட்பது என்பதற்கு முன், யாரிடமிருந்து கசிந்தது என்ற கேள்வி வருகிறது. இந்த மாதிரி வழக்குகளில் பலவீனமான இடம் இதுதான். பில் தொகையும் ஆபரேஷன் பெயரும் ஆஸ்பத்திரிக்குத் தெரியும், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரியும், நடுவில் க்ளெய்ம் பார்க்கும் ஏஜென்ஸிக்கும் தெரியும். சில சமயம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் வெளி ஆளுக்கும் தெரியும். 2022-ஆம் வருஷக் கடைசியில் தமிழ்நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றின் ஒன்றரை லட்சம் நோயாளிகளின் விவரம் இணையச் சந்தையில் விலைக்கு வந்தபோது, விற்றவன் அந்த விவரத்தை ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் வழியாக எடுத்ததாகத்தான் சொல்லப்பட்டது. விலை என்ன தெரியுமா? நூறு டாலர்! ஒரு பெயருக்கு ஆறு பைசாகூட நம்முடைய மானத்துக்கு மதிப்பில்லை, பார்த்தீர்களா?

ஆகவே சந்தேகப்படும் எல்லோருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதுங்கள். "இன்ன தேதியில் இன்ன நம்பரிலிருந்து இப்படிப் பேசினார்கள். என் விவரம் உங்களிடமிருந்து போயிற்றா? யார் யாருக்குக் கொடுத்தீர்கள்?" என்று கேளுங்கள். ரிஜிஸ்தர் தபால் 2025-இல் ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டது. ஆகையால் பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சியுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பதில் வந்தாலும் சாட்சியம், வராவிட்டாலும் சாட்சியம். போன் வந்த தேதி, நேரம், நம்பர், பேச்சு எல்லாவற்றையும் மறப்பதற்குள் எழுதி வையுங்கள். மாமியாரையும் உட்கார வைத்து அவர் கேட்டதைச் சொல்லச் சொல்லுங்கள். வழக்கென்று வந்தால் முதல் சாட்சி அவர்தான்! ஆஸ்பத்திரியில் உங்கள் வைத்தியக் குறிப்பின் நகலையும் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று டாக்டர்களுக்கான 2002-ஆம் வருஷ நடத்தை விதி சொல்கிறது.

போலீஸில் புகார் அவசியம். மதுரை மாவட்டப் போலீஸில் சைபர் க்ரைம் பிரிவு இருக்கிறது. பணம் பறிபோயிருந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். ஆனால் போலீஸ் குற்றவாளியைத்தான் தேடும்; உங்களுக்கு நஷ்ட ஈடு வாங்கித் தருவது அதன் வேலை அல்ல.

நஷ்ட ஈட்டுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2000-ஆம் வருஷத்திய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவு, பிறருடைய அந்தரங்க விவரத்தைக் கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் நிறுவனம் தக்க பாதுகாப்புச் செய்யாமல் அலட்சியமாக இருந்து, அதனால் ஒருவருக்கு நஷ்டம் வந்தால் ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது. வைத்தியக் குறிப்பும் உடல்நிலையும் அந்தரங்க விவரத்தில் சேர்ந்தவை என்று 2011-ஆம் வருஷ விதிகள் தெளிவாகவே சொல்கின்றன. பெரிய கம்பெனிதான் என்றில்லை. தனி ஒருவர் நடத்தும் நர்ஸிங் ஹோமும் இதில் அடங்கும். மனுவை விசாரிக்கிறவர் சென்னையில் இருக்கும் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர். 5 கோடி ரூபாய் வரை கேட்கும் மனுக்கள் அவரிடம் போகும். இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2010-இல் தூத்துக்குடிக் கிளையில் கணக்கு வைத்திருந்த ஒருவருக்கு, கம்ப்யூட்டர் மோசடியில் போன பணத்துக்காக, ஒரு பெரிய வங்கி 12 லட்சத்து 85 ஆயிரம் ரூபாய் தர வேண்டும் என்று இதே அதிகாரிதான் உத்தரவு போட்டார். அது வங்கி விவகாரம். இதே சட்டத்தின் வேறு பிரிவில் வந்தது. ஆனாலும் படியேறினால் கதவு திறக்கும் என்பதற்கு அத்தாட்சி.

இப்போது ஒரு முக்கியமான சமாசாரம். 2023-இல் பார்லிமெண்ட் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று புதிய சட்டம் செய்தது. 2025 நவம்பரில் அதன் விதிகள் வெளியாயின. பாதுகாப்பில் கோட்டைவிட்ட நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். கசிவு நேர்ந்தால் உங்களுக்குத் தாமதமின்றித் தகவல் சொல்ல வேண்டும் என்ற கடமையும் உண்டு. கேட்க ஆனந்தமாகத்தான் இருக்கிறது. அந்த 250 கோடி யாருக்குப் போகும்? சர்க்கார் கஜானாவுக்கு! பாதிக்கப்பட்ட பெண்ணுக்குக் காலணா தரும்படி அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. போதாக்குறைக்கு, நஷ்ட ஈடு கொடுத்து வந்த பழைய 43-ஏ பிரிவை அது எடுத்துவிடுகிறது. விதிகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் கொடுத்திருப்பதால், 2027 மே மாதம் வரை பழைய பிரிவு உயிரோடு இருக்கும். நோயாளியின் ரகசியம் போனதற்குச் சர்க்கார் பணம் வாங்கிக்கொள்வது என்ன நியாயமோ எனக்குப் புரியவில்லை. கேட்க நினைக்கிறவர்கள் அந்த மாதத்துக்கு முன்பே கேட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

நுகர்வோர் வழி அப்படி மூடப்போவதில்லை. நம்பிக்கையாகக் கொடுத்த சொந்த விவரத்தைச் சட்டத்துக்குப் புறம்பாகப் பிறருக்கு வெளியிடுவது முறையற்ற வியாபாரம் என்று 2019-ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பாதுகாப்பு சரியில்லாமல் திருடுபோனால் அதைச் சேவைக் குறைபாடு என்றும் வாதிடலாம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பது இதில் பெரிய சௌகரியம். ஆஸ்பத்திரி சென்னையில் இருந்தாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனி பம்பாயில் இருந்தாலும், திருமங்கலத்துக்காரர் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. ஒரே ஆஸ்பத்திரியில் பலர் பாதிக்கப்பட்டிருந்தால், ஆணையத்தின் அனுமதி பெற்று எல்லோருக்குமாகச் சேர்ந்து ஒரு புகார் கொடுக்கலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

மூன்றாவது கேள்விதான் பெண்களைத் தடுத்து நிறுத்துவது. 2025 பிப்ரவரியில் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு ஆஸ்பத்திரியின் காமிராப் படங்கள், டாக்டர் பெண்களைப் பரிசோதிக்கும் படங்கள், டெலிகிராமில் விற்கப்பட்டது வெளியாயிற்று. போலீஸ் ஆட்களைப் பிடித்தது. ஆனால் பாதிக்கப்பட்ட பெண்கள் புகார் கொடுக்கத் தயங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பெயர் தெரியாமல் வழக்கு நடத்த முடியாது என்று நினைத்து யாரும் ஒதுங்க வேண்டாம். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் உறவினருக்கு ரத்தம் கொடுத்த ஒருவருக்கு ஹெச்.ஐ.வி. இருப்பது வெளியே தெரிந்து, நிச்சயமான கலியாணம் நின்றுபோனது. அந்த வழக்கு 1998-இல் சுப்ரீம் கோர்ட்டில் தீர்ப்பானது. இன்றுவரை சட்டப் புத்தகங்களில் அவர் பெயர் "எக்ஸ்" என்றுதான் இருக்கிறது, ஆஸ்பத்திரியின் பெயர் "இஸட்". மணப்பெண்ணின் உயிருக்கே ஆபத்து என்னும்போது ரகசியம் காக்க வேண்டியதில்லை என்று கோர்ட் சொல்லி, அவர் தோற்றுவிட்டார் என்பது வேறு விஷயம். பெயரை மறைத்து விசாரிக்கும்படி மனுவிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் வீடியோ மூலம் ஆஜராகவும் அனுமதி கேட்கலாம்.

சில வியாதிகளுக்குச் சட்டம் தனிக் காவலே போட்டிருக்கிறது. ஹெச்.ஐ.வி. நிலையைச் சம்மதமில்லாமல் வெளியிடக்கூடாது என்று 2017-இல் தனிச் சட்டம் வந்தது. கருக்கலைப்புச் செய்துகொண்ட பெண்ணின் பெயரை டாக்டர் வெளியிட்டால் ஒரு வருஷம் வரை சிறை. இது 2021-இல் சேர்ந்த பிரிவு. மனநோய் வைத்தியத்துக்கும் ரகசியக் காப்பு உண்டு. டாக்டரே வாய்தவறி உங்கள் விஷயத்தைப் பேசியிருந்தால், தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம்.

எல்லோருக்கும் இலவசமாக வைத்தியம் செய்யும் சர்க்கார் ஆஸ்பத்திரி மட்டும் நுகர்வோர் சட்டத்தில் வராது; 43-ஏ பிரிவிலும் வராது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் சொன்ன தீர்ப்பை வைத்துக்கொண்டு, மதுரையிலேயே இருக்கும் ஹைகோர்ட் கிளையில் ரிட் மனு போடுவதுதான் அங்கே வழி. அதற்கு வக்கீல் வேண்டும். வக்கீல் பீஸுக்கு எங்கே போவது என்று கவலைப்பட வேண்டாம்: பெண் என்றால் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி கேட்க உரிமை உண்டு என்று 1987-ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது. திருமங்கலம் கோர்ட்டில் வட்டச் சட்டப் பணிகள் குழு எங்கே என்று விசாரியுங்கள். இல்லாவிட்டால் 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.