ஒரே இழப்பு, பல முகங்கள்

பொன்முடிக்கு ஏறும் மலைப்பாதையில் 22 கொண்டை ஊசி வளைவுகள். கைக்குழந்தையுடன் திருவனந்தபுரத்து மருத்துவமனைக்கு இறங்கி வரும் தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கு ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் கூலி நஷ்டம். இதயக் கோளாறுக்கு ஒரு முறை, வலிப்புக்கு ஒரு முறை, மூக்கால் பேசுவதற்கு ஒரு முறை என்று குழந்தையோடு அலைய நேரலாம். மூன்றுக்கும் காரணம் ஒன்றே என்பது யாருக்கும் தோன்றாமலே போகலாம்.

அப்படிப்பட்ட கோளாறுதான் 22க்யூ11.2 நீக்கம். 22வது குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இருக்காது. பெரும்பாலானவர்களிடம் இழப்பின் அளவு ஒன்றுதான்: சுமார் 30 லட்சம் டிஎன்ஏ இணைகள். விளைவுதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஒரு குழந்தை இதயத்தில் ஓட்டையுடன் பிறக்கும். இன்னொன்றுக்கு ரத்தத்தில் கால்சியம் குறைந்து வலிப்பு வரும். வேறொன்றுக்குப் பள்ளியில் கணக்கு மட்டும் ஏறாது. ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில்கூட ஒருவருக்கு இதயக் கோளாறு இருக்க, மற்றவர் தப்பிவிடுவதுண்டு.

மருத்துவர்களையே இது ஏமாற்றியது. 1965இல் அமெரிக்க மருத்துவர் ஆஞ்செலோ டிஜார்ஜ், தைமஸ் சுரப்பி இல்லாத குழந்தைகளைப் பற்றிச் சொன்னார். 1978இல் ராபர்ட் ஷ்பிரின்ட்சன், அண்ணமும் இதயமும் பாதிக்கப்பட்டவர்களைத் தனி நோயாளிகளாக விவரித்தார். பெரும்பாலும் இரண்டும் ஒரே இழப்பின் விளைவு என்பது தெளிவானது 1990களில்தான்.

பெயர் தெரிவதால் என்ன லாபம்? இதய அறுவைக்கு முன் கால்சியத்தைச் சோதிக்கலாம். நோய் எதிர்ப்புச் சக்தியைப் பார்த்த பிறகே உயிருள்ள கிருமிகள் கொண்ட தடுப்பூசிகளைப் பற்றி முடிவு செய்யலாம். பேச்சுப் பயிற்சியைச் சீக்கிரமே தொடங்கலாம். வளர்ந்த பின் மனநலக் கோளாறு வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் குடும்பமும் விழிப்பாக இருக்கலாம்.

இன்னொரு லாபமும் உண்டு. பத்தில் ஒன்பது பேரிடம் இது புதிதாக நேர்வது, பெற்றோரிடமிருந்து வருவதல்ல. கிரகணத்தில் வெளியே போனதால் வந்த வினை என்று தாயைக் குற்றம் சொல்ல இடமில்லை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலோ, அடுத்த குழந்தைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. அறிகுறி லேசாக இருப்பதால் அவருக்கே அது தெரியாமலிருக்கலாம். அதனால் பெற்றோரையும் சோதிப்பது அவசியம்.

திருவனந்தபுரத்தில் குழந்தைகளுக்கான எஸ்.ஏ.டி. மருத்துவமனை இருக்கிறது; இதய அறுவைக்கு ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் இருக்கிறது. பிறவி இதயக் கோளாறுள்ள குழந்தைகளுக்காகக் கேரள அரசு 2017இல் 'ஹிருத்யம்' திட்டத்தைத் தொடங்கியது. வசதிக்குக் குறைவில்லை. தனித்தனிச் சீட்டுகளை ஒருசேர வைத்துப் பார்க்க ஒரு மருத்துவர் வேண்டும். மலையிலிருந்து இறங்கும் தாய், பழைய சீட்டுகள் அத்தனையையும் ஒரே பையில் கொண்டுவந்தால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.