ஸ்டிக்கர் வெட்டும் மெஷின் தொடக்கத்திலேயே நின்றால்

கிளிநொச்சிப் பக்கத்துத் தங்கை ஒருவர் அண்மையில் தொலைபேசி எடுத்தார். ஓட்டோக்களுக்கும் கடைக் கண்ணாடிகளுக்கும் ஸ்டிக்கர் வெட்டிக் கொடுத்து இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கிறவர். "அக்கா, மெஷினைப் போட்டவுடன கறகறவெண்டு சத்தம். பிறகு பிழை காட்டிப்போட்டு நிக்குது. உள்ளுக்க போர்ட் போட்டுதாம், மாத்த வேணுமெண்டு ஒருத்தர் சொல்லுறார்" என்றார். மெஷின் வாங்கிய கடனே இன்னும் கட்டி முடியவில்லை. திருவிழா ஓடர் வேறு கையில் இருக்கிறது.

சகோதரிகளே, சுவிட்சைப் போட்டதும் கத்தி பூட்டிய தலைப்பகுதி தன் பாதையில் ஓரத்துக்கு ஓடும். அங்கே ஒரு சின்ன சுவிட்சோ சென்சரோ இருக்கும். அது பட்டால்தான் தன் தொடக்க இடம் எதுவென்று மெஷினுக்கு விளங்கும். விளங்காவிட்டால் பிழை காட்டி நின்றுவிடும். பெரும்பாலான மெஷின்கள் இப்படித்தான்.

முதலில் கொம்பியூட்டர் வயரைக் கழற்றிவிட்டு மெஷினை மட்டும் போட்டுப் பாருங்கள். அப்போதும் பிழை வந்தால் கொம்பியூட்டரில் குறை தேட வேண்டாம். பிறகு பிளக்கைக் கழற்றிவிட்டு, தலைப்பகுதியைக் கையால் மெதுவாக இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை தள்ளுங்கள். தையல் மெஷின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்ப்போமே, அதுபோலத்தான். எங்காவது இறுகினால் அந்த இடத்தில் டோர்ச் அடித்துப் பாருங்கள். அந்தத் தங்கையின் மெஷினில், ஓரத்துக்குச் சற்று முன்னால், பசைப்பக்கம் கீழாக ஒரு ஸ்டிக்கர் துண்டு ஒட்டிக் கிடந்தது. அதை உரித்து எடுத்ததும் மெஷின் ஓடியது! புதிதாக வாங்கியவர்கள், ஏற்றி வரும்போது தலைப்பகுதியைக் கட்டிய கட்டு அவிழ்க்கப்பட்டதா என்றும் பார்க்க வேண்டும்.

தடையில்லாமல் ஓடியும் பிழை வருகிறதா? சத்தத்தைக் கவனியுங்கள். ஓரத்தில் போய் இடித்து இடித்துக் கறகறத்தால், சென்சரில் தூசி படிந்திருக்கலாம். காய்ந்த மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். மோட்டர் சுற்றும் சத்தம் கேட்டும் தலை நகராவிட்டால், பல்லுள்ள பெல்ட் தளர்ந்ததா, பல் தேய்ந்ததா என்று பாருங்கள். தையல் மெஷின் எண்ணெயை மட்டும் விட்டுவிடாதீர்கள். தூசி அதில் அப்பிக்கொண்டு பாதை இன்னும் இறுகும்.

மின்சாரப் பகுதியின் மூடியை நீங்கள் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே மின் தங்கியிருக்கும். திருத்துபவரிடம், சென்சரையும் அதற்குப் போகும் வயரையும் சோதித்தீர்களா என்று முதலில் கேளுங்கள். போர்ட்டை மாற்றத்தான் வேண்டுமென்றால், கழற்றிய பழையதை உங்கள் கையில் தரச் சொல்லுங்கள்.