மஞ்சள் பையில் இருந்த 1.2



பவானியில் இருக்கும் என் அத்தைக்கு எழுபது வயது. ஆஸ்பத்திரிச் சீட்டு, எக்ஸ்ரே, லேப் ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு பீரோ கைப்பிடியில் மாட்டி வைத்திருப்பார். போன ஆடியில் பார்க்கப் போனபோது புதிதாக எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டி, "எல்லாம் நார்மல்தான் கண்ணு. ஒண்ணுகூட தடிச்ச எழுத்துல வரல, பாரு" என்றார். கிரியாட்டினின் 1.2. பக்கத்தில், 0.6 முதல் 1.2 வரை இருக்கலாம் என்று அச்சிட்டிருந்தது. நானும் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்துவிட்டேன்.

மறுவாரம் மூட்டு வலிக்காக டாக்டரிடம் போயிருக்கிறார். அதே தாளை வாங்கிப் பார்த்த டாக்டர், வயதைக் கேட்டு செல்போனில் ஏதோ தட்டி, தாளின் ஓரத்தில் 49 என்று எழுதி வட்டம் போட்டாராம். அந்த 49-ஐப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

கிரியாட்டினின் என்பது நம் தசைகளில் இருக்கும் கிரியாட்டின் என்ற பொருள் சிதைந்து வரும் கழிவு. நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் ரத்தத்தில் சேரும். சிறுநீரகம் அதை வடித்து வெளியேற்றும். ஒரு கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம் உயர்ந்திருந்தால் ஊற்று பெருகியிருக்கலாம், இல்லை, இறைக்கிற மோட்டார் தளர்ந்திருக்கலாம். நீர்மட்டத்தை மட்டும் பார்த்து எது என்று சொல்ல முடியாது. கிரியாட்டினின் வெறும் நீர்மட்டம். ஊற்று, உடம்பில் இருக்கும் தசை. மோட்டார், சிறுநீரகம்.

இருபத்தைந்து வயது இளைஞருக்கும் 1.2 வரலாம். அவருடைய தசைக்கு அது பெரிய விஷயமில்லை. கணக்குப் போட்டால் 86 வரும். எலும்பும் தோலுமாக இருக்கும் என் அத்தையின் உடம்பில் ஊற்றே சின்னது. அதிலும் நீர்மட்டம் 1.2-க்கு ஏறுகிறது என்றால் மோட்டார் இளைத்துவிட்டது. அதே 1.2, அவருக்கு 49.

இந்த எண்ணைத்தான் இ.ஜி.எஃப்.ஆர். என்று ரிப்போர்ட்டில் போடுகிறார்கள். இரண்டு சிறுநீரகங்களிலும் உள்ள வடிகட்டிகள் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் வடிக்கின்றன என்ற மதிப்பீடு அது. அளந்து எடுத்த எண் அல்ல. நேரடியாக அளக்க வேண்டுமென்றால் ஒரு பொருளை உடம்பில் ஏற்றி, மணிக்கணக்கில் காத்திருந்து, திரும்பத் திரும்ப ரத்தம் எடுக்க வேண்டும். எல்லோருக்கும் அது நடக்கிற காரியமில்லை. அதனால் வயது, ஆணா பெண்ணா, கிரியாட்டினின் மூன்றையும் ஒரு சமன்பாட்டில் போட்டுக் கணக்கிடுகிறார்கள். இப்போது பல இடங்களில் பயன்படும் சமன்பாடு 2021-ல் வந்தது.

மதிப்பீடு என்பதால் ஏமாற்றவும் செய்யும். முந்தின நாள் ஆட்டுக்கறி விருந்து சாப்பிட்டுவிட்டுக் காலையில் ரத்தம் கொடுத்தால் கிரியாட்டினின் ஏறியிருக்கும். வேகும்போது கறியிலேயே அது உண்டாகிவிடுகிறது. கடும் உடற்பயிற்சியும், தண்ணீர் குடிக்காமல் வெயிலில் அலைந்ததும் அப்படியே. படுத்த படுக்கையாக இருந்து தசை கரைந்தவர்களுக்கு நேர்மாறு: கிரியாட்டினின் குறைவாகக் காட்டும், சிறுநீரகம் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். இதுதான் அதிக ஆபத்து என்பேன். அத்தகையவர்களுக்குத் தசையை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின்-சி என்ற பரிசோதனை உண்டு, செலவு கூடுதல்.

ஆகவே ஒரு தாளைப் பார்த்து பயந்துவிடவும் வேண்டாம். 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் நாள்பட்ட சிறுநீரக நோய் என்பார்கள். 60-க்கு மேலே இருந்தாலும் சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் தொடர்ந்து ஒழுகினால் அதுவும் நோய்தான். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ரத்தப் பரிசோதனையோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய ஆதங்கம். சிறுநீரில் அல்புமின்–கிரியாட்டினின் விகிதமும் ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு அல்புமின் 30 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். பல சமயம் ரத்தத்தில் எதுவும் தெரியாத காலத்திலேயே அது காட்டிக்கொடுத்துவிடும்.

அத்தையின் கதைக்கு வருகிறேன். டாக்டர் பழைய ரிப்போர்ட்டுகளைக் கேட்க, மஞ்சள் பை முழுக்கக் கொட்டப்பட்டது. மூன்று வருடத்துக்கு முந்தைய தாள் ஒன்று கிடைத்தது. கிரியாட்டினின் 0.8. பார்க்க 0.4 தானே ஏறியிருக்கிறது என்று தோன்றும். கணக்குப் போட்டால் 81-லிருந்து 49. ஆரம்பத்தில் சின்னதாக ஏறினாலும் இழப்பு பெரிது. இந்தப் பரிசோதனையில் இதுதான் பலருக்குப் பிடிபடாத இடம். இரண்டு தாளும் தனித்தனியே நார்மல். பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

காரணம் தேடியபோது, மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் தானாகவே வாங்கி ஒரு வருடமாகப் போட்டுவந்த வலி மாத்திரை அகப்பட்டது. டாக்டர் அதை நிறுத்தச் சொன்னார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது கிரியாட்டினின் 1.1, இ.ஜி.எஃப்.ஆர். 54. சிறுநீரில் அல்புமின் அளவோடுதான் இருந்தது. முழுக்கத் திரும்பவில்லை, ஆனால் மேலும் இறங்கவும் இல்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் ரத்த அழுத்த மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அவற்றில் சில, தொடங்கிய புதிதில் கிரியாட்டினினைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டும். ஆனாலும் அதே மாத்திரைகள் நாளடைவில் சிறுநீரகத்தைக் காப்பவை. எதை விட வேண்டும், எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது டாக்டர் சொல்ல வேண்டியது.

லேப் கொடுக்கிற வழவழப்பான தாளில் எழுத்து நாளடைவில் மங்கிவிடுகிறது. அத்தையின் பையில் சில தாள்கள் வெறும் வெள்ளையாகவே இருந்தன. அதனால் இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கியிருக்கிறார். தேதி, கிரியாட்டினின், இ.ஜி.எஃப்.ஆர். என்று மூன்று கோடு போட்டு, பால்பாயின்ட் பேனாவால் எழுதி வைக்கிறார். முதல் வரி 0.8, 81. அடுத்தது 1.2, 49. அதற்கடுத்தது 1.1, 54. தை பிறந்ததும் நான்காவது வரி எழுத வேண்டும் என்று தினசரிக் காலண்டரில் அந்தத் தேதியை மடித்து வைத்திருக்கிறார்.

அன்புடன்,
ஆசிரியர்