வண்டைக் கண்டவன் ஒருவன், பேர் பெற்றவன் வேறொருவன்

ஒரு வண்டைப் பற்றி எழுதப் போகிறோம் என்றால், "நாட்டில் எவ்வளவோ சங்கதிகள் கிடக்க, இவர்களுக்கு வண்டுதானா கிடைத்தது?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். கேட்க வேண்டியதுதான். ஆனால் இது சாமானிய வண்டல்ல. மனிதன் உண்மையை எப்படிக் கண்டுபிடிக்கிறான் என்பதையும், கண்டுபிடித்தவன் ஏழைத் தொழிலாளியாயிருந்தால் அவன் பேர் என்ன கதியாகிறது என்பதையும் ஒருசேரச் சொல்லிக் கொடுக்கிற வண்டு. ஆதலால் பொறுமையோடு படிக்கும்படி வேண்டிக்கொள்கிறோம்.

அய்ரோப்பாவில் இன்று ஸ்லோவேனியா என்று வழங்கும் தேசம், 200 வருஷங்களுக்கு முன்பு ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் ஆட்சியிலிருந்தது. அங்கே போஸ்டோய்னா என்ற ஊரில் சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீர் அரித்து அரித்து உண்டாக்கிய பெருங்குகை ஒன்றிருக்கிறது. 1818-ம் வருஷம் சக்கரவர்த்தி முதலாம் பிரான்சிஸ் அந்தக் குகையைப் பார்வையிட வருகிறார் என்று விளக்கு ஏற்பாடுகள் நடந்தன. அந்த வேலையிலிருந்த லூகா செச் என்ற உள்ளூர்த் தொழிலாளி, அதுவரை யாருக்கும் தெரியாதிருந்த உட்பகுதிக்குள் ஏறிப் போய் வழி கண்டார். இன்று லட்சக்கணக்கான பேர் பணம் கொடுத்துப் பார்த்து வருகிற குகையின் பெரும்பாகம் அந்த விளக்கேற்றும் ஆளின் துணிச்சலால் வெளிப்பட்டதேயாகும்.

அதே லூகா செச் 1831-ம் வருஷத்தில் குகைக்குள்ளே ஒரு விநோதமான வண்டைக் கண்டெடுத்தார். அதற்குக் கண் இல்லை. கால்களும் உணர்கொம்புகளும் உடம்புக்கு மீறிய நீளம். கழுத்து நூல் போல ஒடுங்கியிருக்க, பின்னுடம்பு மட்டும் ஊதிவிட்ட பலூன் போல உருண்டிருந்தது. நிறமோ வெயில் படாத வெளிறிய பழுப்பு. மொத்த நீளம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான். தீப்பந்த வெளிச்சத்தில் அதை நாலு பேர் மிதித்துக்கொண்டு போயிருப்பார்கள். அவர் குனிந்து எடுத்தார்.

எடுத்ததை அவர் பிரான்ஸ் ஹோகன்வார்ட் என்ற பிரபுவிடம் கொடுத்தார். பிரபு அந்தக் குகையைப் பற்றிப் புத்தகம் எழுதியவர், படித்தவர். அவருக்கும் இது இன்னதென்று விளங்கவில்லை. ஆகவே அவர் அதைப் பெர்டினான்ட் ஷ்மிட் என்பவரிடம் கொடுத்தார். ஷ்மிட் யார் தெரியுமா? பண்டிதரல்ல, பாதிரியாருமல்ல. ஹங்கேரியில் பிறந்து, லுப்லியானா நகரத்தில் வியாபாரம் செய்து பிழைத்த ஒரு வர்த்தகர். கடையை நடத்திக்கொண்டே பூச்சிகளையும் நத்தைகளையும் ஆராய்ந்தவர். அவர் அந்த வண்டை அதுவரை அறியப்பட்ட வண்டுகளோடு ஒத்துப் பார்த்து, இது எதிலும் சேராத புதிய இனம் என்று கண்டு, 1832-ம் வருஷம் அதை வர்ணித்து அச்சிட்டார். எதிலே அச்சிட்டார் என்றால், அந்நகரத்தில் பொதுஜனங்கள் படிக்கிற ஒரு வாரப் பத்திரிகையிலே! விஞ்ஞானிகளால் வர்ணிக்கப்பட்ட முதல் குகை வண்டு இதுதான். ஒல்லிக் கழுத்துள்ளது என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களையும், பிரபுவின் பேரையும் சேர்த்து, லெப்டோடைரஸ் ஹோகன்வார்ட்டி என்று அதற்கு நாமகரணம் செய்யப்பட்டது.

முதலில், அறிவு பிறக்கிற விதத்தைப் பார்ப்போம். அதே தேசத்துக் குகை நீரில் கண் தெரியாத, வெளிறிய, பல்லி போன்ற ஒரு பிராணி உண்டு. மழைவெள்ளம் வந்தால் ஊற்று வழியாக அது வெளியே அடித்துக்கொண்டு வரும். அதைக் கண்ட ஜனங்கள், மலைக்குள்ளே ஒரு பறவை நாகம் படுத்திருக்கிறது, இது அதன் குட்டி என்று நம்பினார்கள். 1689-ம் வருஷத்தில் வல்வாசர் என்பவர் தம் நாட்டைப் பற்றி எழுதிய நூலில் இந்த நம்பிக்கையைக் குறித்து வைத்தார். 1768-ல் லாரென்டி என்பவர் அந்தப் பிராணிக்கு முறைப்படி பேரிட்டார். பறவை நாகம் எங்கே போயிற்று? யாரும் அதை வேல் கொண்டு குத்திக் கொல்லவில்லை. ஒரு மனிதன் உற்றுப் பார்த்தான். அது செத்துப் போயிற்று. பயத்தினால் பிறந்த பிராணிகளெல்லாம் பார்வை பட்டதும் சாகிற ஜாதியைச் சேர்ந்தவை.

பாதாள லோகத்தில் நாகலோகமிருக்கிறது, அங்கே இன்ன ராஜா ஆளுகிறான் என்று நமக்குக் காலட்சேபம் செய்கிறவர்கள் எத்தனை தடவை விளக்கு எடுத்துக்கொண்டு இறங்கிப் பார்த்தார்கள்? ஒரு தடவையாவது ஒரு சிறு செதிலாவது கொண்டு வந்து காட்டினார்களா? விளக்கேற்றும் தொழிலாளி இறங்கினார். ஒரு வண்டைக் கொண்டு வந்தார். எந்தப் பாதாளம் நிஜம் என்று வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

ஒரு புதிய ஜீவனைக் கண்டால் விஞ்ஞானிகள் இன்றும் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். "நான் கண்டேன், நம்பு" என்று அவர்கள் சொல்வதில்லை. கண்ட இடம், கண்ட தேதி, எடுத்தவர் பேர் எல்லாவற்றையும் சிறு சீட்டில் எழுதி அந்த ஊசியிலேயே குத்தி வைக்கிறார்கள். பூதக்கண்ணாடியில் வைத்து, உணர்கொம்பின் கணுக்களை எண்ணி, கால் மயிரைப் பார்த்து, ஆண் வண்டின் குறியைக் கூடப் பிரித்துப் பார்த்து, பழைய இனங்களோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்கிறார்கள். பிறகு படத்தோடும் அளவோடும் அச்சிட்டு, மூலமாதிரியாகிய வண்டைப் பொதுக் காட்சிசாலையில் வைத்து விடுகிறார்கள். ஏன்? நாளைக்கு வேறொருவன் வந்து, "நீ சொன்னது தப்பு" என்று சொல்ல வேண்டுமானால் அவனுக்கு ஆதாரம் கையில் கிடைக்க வேண்டும் என்பதற்காக! தன்னை மறுப்பதற்குத் தானே வசதி செய்து வைக்கிற சாஸ்திரம் இது. தன்னை வாசித்தாலே நாக்கை அறுப்பேன், கேட்டாலே காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றுவேன் என்று எழுதி வைத்த சாஸ்திரங்களோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். எது மனிதனுக்கு மரியாதை செய்கிற சாஸ்திரம்?

இனி, இந்த வண்டுக்கு ஏன் கண்ணில்லை என்ற கேள்விக்கு வருவோம். "கடவுள் இருட்டில் வாழ்வதற்குக் கண் வேண்டாம் என்று அப்படிப் படைத்தார்" என்று பக்தர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். சரி, மெக்சிகோ தேசத்துக் குகைகளில் கண்ணில்லாத மீன் ஒன்றிருக்கிறது. முட்டைக்குள் கரு வளரும்போது அதற்குக் கண் உண்டாகத் தொடங்குகிறது. பிறகு அந்தக் கண் வளராமல் தேய்ந்து, தோலால் மூடப்பட்டுவிடுகிறது. வேண்டாம் என்று தீர்மானித்த கடவுள் கண்ணை ஏன் ஆரம்பிக்க வேண்டும்? ஆரம்பித்ததை ஏன் அழிக்க வேண்டும்? சர்வ வல்லமையுள்ளவர் வேலை செய்கிற லட்சணம் இதுதானா?

விஷயம் இதுதான். அந்த மீனின் மூதாதைகள் வெளிச்சத்தில் கண்ணோடு வாழ்ந்தவை. இருட்டுக்குள் வந்து தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்ததில் கண் போயிற்று. 1859-ல் டார்வின் தம் பெரு நூலில் இந்தப் பக்கத்துக் குகைப் பிராணிகளையும் அமெரிக்காவிலுள்ள கென்டக்கி குகைப் பிராணிகளையும் எடுத்துக்காட்டி, உபயோகிக்காததனால் கண் போயிற்று என்று காரணம் சொன்னார். அவருக்குப் பின் வந்தவர்கள், உபயோகிக்காததனால் மட்டும் ஒரு குறை பிள்ளைக்கு வாரிசாய்ப் போகாது என்று கண்டார்கள். பரம்பரைக் கூறுகளில் தற்செயலாய் மாறுதல்கள் உண்டாகின்றன. வெளிச்சத்தில் கண்ணைக் கெடுக்கிற மாறுதலோடு பிறந்தது இரையாகிப் போகும். இருட்டிலோ அதற்கு ஒரு நஷ்டமுமில்லை, ஆகவே பிழைத்து இனம் பெருக்கும். வீணாய்க் கண்ணை வளர்க்காதது ஆகாரத்தையும் மிச்சம் பிடிக்கும் என்று திருத்தினார்கள். டார்வினைத் திருத்தியதற்காக யாரும் யாரையும் ஜாதிப் பிரஷ்டம் செய்யவில்லை. ஆசானைத் திருத்துகிறவனே நல்ல சீடன் என்பது அங்கே முறை.

இவ்வளவு நேர்மையுள்ள காரியத்திலும் ஒரு குறை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதையும் சொல்லாவிட்டால் நாமும் புராணம் படிக்கிறவர்களாகி விடுவோம்.

வண்டைக் கண்டவர் லூகா செச். வர்ணித்தவர் ஷ்மிட். பேர் யாருக்குப் போயிற்று? கையில் வாங்கிக் கைமாற்றிக் கொடுத்த பிரபுவுக்கு! "பிரபு கல்விக்கு உபகாரம் செய்தவர், அக்காலத்து வழக்கம் அது" என்று சமாதானம் சொல்லலாம். பிரபு நல்லவராகவே இருக்கட்டும். அவரைக் குறைகூற நாம் வரவில்லை. வழக்கத்தைத்தான் குறைகூறுகிறோம். குனிந்து எடுத்தவன் முதுகு கண்ணுக்குத் தெரியாமலும், உட்கார்ந்து வாங்கினவன் கை மட்டும் தெரிகிற மாதிரியும் உலகம் எங்கும் ஒரு வழக்கமிருக்கிறதே, அதைத்தான் சொல்லுகிறோம். கோவிலில் கல் சுமந்தவன் யார், கல்வெட்டில் இருப்பவன் யார்? கிணறு தோண்டினவன் எந்த ஜாதி, அதில் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று விரட்டப்பட்டவன் எந்த ஜாதி? அயல்நாட்டு வண்டின் கதை நமக்கு அந்நியமாய்த் தோன்றாததற்குக் காரணம் இதுதான்.

இதைவிடக் கேவலமான கதை ஒன்றும் அதே தேசத்திலேயே உண்டு. அங்குள்ள சில குகைகளில் வாழும் கண்ணில்லாத மற்றொரு சிறு வண்டுக்கு, 1937-ம் வருஷம் ஆஸ்கர் ஷைபெல் என்பவர் அனோப்தால்மஸ் ஹிட்லரி என்று பேரிட்டார். ஆம், ஜெர்மனியின் ஹிட்லருடைய பேர்தான்! பாவம், அந்த வண்டு ஒருவரையும் கொன்றதில்லை. ஹிட்லர் 1945-ல் ஒழிந்தான். ஆனால் வண்டு இன்னும் அவன் பேரைச் சுமக்கிறது. அந்தப் பேருக்காகவே அவனை ஆராதிக்கிற பைத்தியக்காரர்கள் விலை கொடுத்து வண்டை வாங்க, குகைக்குள் திருட்டுத்தனமாய்ப் பிடிக்கப்பட்டு அந்த இனத்துக்கே கேடு வந்திருக்கிறது. ஒரு பேர் என்ன செய்துவிடும் என்று கேட்கிறவர்களுக்கு இது பதில்.

பேரை மாற்றக் கூடாதா என்றால், பிராணிகளின் பேர்களுக்கு விதி செய்கிற சர்வதேசக் கமிஷன், கருத்துக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக மாற்ற ஆரம்பித்தால் எந்தப் பேர் எந்தப் பிராணியைக் குறிக்கிறதென்ற நிலை குலைந்துவிடும் என்று சொல்லி, 2023-ல் மறுத்து விட்டது. அவர்கள் சொல்லுகிற காரணம் அற்பமானதல்ல. ஒவ்வொரு சர்க்காரும் ஒவ்வொரு பேரை வைத்தால் நூறு வருஷத்துப் புத்தகங்கள் குப்பையாகிவிடும். ஆனால் 2024-ல் தாவர விஞ்ஞானிகள் மாட்ரிட் நகரில் கூடி, ஆப்பிரிக்கக் கருப்பு மக்களை இழிவு செய்கிற ஒரு வசைச்சொல் இருநூற்றுக்கும் மேற்பட்ட பேர்களில் புகுந்திருந்ததை ஓட்டெடுத்து மாற்றினார்கள். வானம் இடிந்து விழவில்லை, செடிகளும் வாடவில்லை. ஆகையால் நம் அபிப்பிராயம் இதுதான்: பேர் வைக்கிற விதி மனிதன் சௌகரியத்துக்காகச் செய்தது, மனிதனுடைய மானத்துக்குக் குறைவு வரும்போது மனிதனே அதைத் திருத்தலாம். இழிசொல்லையும் கொலைகாரன் பேரையும் நீக்குவதற்கு ஒரு எல்லை வகுத்துக்கொண்டு திருத்தினால் குழப்பத்துக்கு இடமில்லை. ஜாதிப் பேரால் அழைக்கப்பட்டு அழைக்கப்பட்டு மனம் புண்பட்ட நம் மக்களுக்கு இந்த நியாயத்தை யாரும் பாடஞ்சொல்லித் தர வேண்டியதில்லை.

தோழர்களே! விஞ்ஞானத்தில் குறை இருக்கிறது என்று நாம் சொன்னதை வைத்துக்கொண்டு, "பார்த்தீர்களா, விஞ்ஞானமும் பொய்தான்" என்று வைதீகர்கள் துள்ளிக் குதிக்கக் கூடும். அவர்களுக்கு ஒன்று சொல்லுவோம். லூகா செச்சினுடைய பேர் நமக்கு எப்படித் தெரிந்தது? அவர் எடுத்தார் என்பதை எழுதி வைத்ததனால்தானே? கண்டவன் யார், எந்த இடம், எந்த வருஷம் என்று எழுதி வைக்கிற வழக்கமுள்ள இடத்தில், இன்றில்லாவிட்டாலும் நாளைக்கு அநீதி வெளிப்பட்டே தீரும். எல்லாம் ரிஷி சொன்னது, எல்லாம் அசரீரி சொன்னது என்று கணக்கில்லாமல் விட்ட இடத்திலோ, உழைத்தவன் பேரும் கிடைக்காது, பொய் சொன்னவன் பேரும் கிடைக்காது.

ஆகவே உங்கள் பிள்ளைகள் ஒரு பூச்சியைப் பிடித்துக்கொண்டு வந்து "இது என்ன?" என்று கேட்டால், "சீ, தூர எறி" என்று அதட்டாதீர்கள். "எங்கே எடுத்தாய், எப்போது எடுத்தாய், எத்தனை கால் இருக்கிறது, எண்ணிச் சொல்" என்று கேளுங்கள். கடைக்காரர் ஒருவர் புதிய இனத்தை வர்ணித்தார் என்றால், விளக்கேற்றுகிறவர் ஒருவர் அதைக் கண்டெடுத்தார் என்றால், அறிவு எந்தக் குலத்துக்கும் பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டதல்ல என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. இருட்டுக்குள் இறங்கத் துணிந்தவன் எவனோ அவனுக்கே அது சொந்தம். அவன் பேரைச் சொல்லிப் பழகுவது நம் கடமை.